துரைக்கு ஒரு எலுமிச்சம்பழம்

டிசம்பர் 31. திருத்தணி மலையடிவாரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போக நல்ல சாலை இருக்கிறது. வண்டியில் ஏறினால் சில நிமிஷத்தில் கோயில் வாசல். ஆனால் கூட்டம் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்கிறது. ஒரு கோஷ்டி முதல் படியைக் கழுவுகிறது. மஞ்சள் பூசுகிறது. குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழில் ஒரு பாட்டு. முடிந்ததா? அடுத்த படி. மறுபடி மஞ்சள், மறுபடி குங்குமம், மறுபடி ஒரு பாட்டு.

மொத்தம் 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை.

பகலிலேயே ஆரம்பித்துவிடுகிற கச்சேரி இது. நடுராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது மேலே முருகன் சன்னதியில் நிற்க இடமிருக்காது. தமிழ், தெலுங்கு, நடுநடுவே கன்னடம். திருப்படித் திருவிழா என்று பெயர்.

சரி, ஒரு சந்தேகம். ஆடிக் கிருத்திகை புரிகிறது. தைப்பூசம் புரிகிறது. முருகனுக்கும் டிசம்பர் 31க்கும் என்ன சம்பந்தம்? பஞ்சாங்கத்தில் எந்த மூலையில் தேடினாலும் இந்த நாளுக்கு எந்த விசேஷமும் கிடையாதே?

இதற்குப் பதில் பஞ்சாங்கத்தில் இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது.

என் அப்பா ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் கடைத்தெருவுக்குப் போய் எலுமிச்சம்பழம் பொறுக்குவார். சும்மா இல்லை. ஒரு பழத்துக்குப் பத்து பழத்தை உருட்டிப் பார்ப்பார். புள்ளி இருக்கக் கூடாது, காம்பு வாடியிருக்கக் கூடாது. ஜனவரி 1 காலையில் அதை எடுத்துக்கொண்டு அதிகாரி வீட்டுக்குப் போவார். அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கும். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். அதிகாரி வாங்கி ஒரு தட்டில் போடுவார். 'ஹேப்பி நியூ இயர் சார்.' 'சேம் டு யூ.' அடுத்த ஆள். சின்ன வயதில் ஒருமுறை நானும் கூடப் போனேன். அத்தனை பழத்தையும் அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதுதான் அன்றைக்கு என் கவலை. ஊறுகாய் போடுவார்களோ?

அந்த வரிசை எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் கொஞ்சம் குளிர்ப் பிரதேசங்களுக்குப் போய் வர வேண்டும்.

டிசம்பர் 21 அல்லது 22. வடக்கு உலகத்துக்கு வருஷத்திலேயே மிகச் சின்னப் பகல். நமக்கு இது பெரிய விஷயமில்லை. அன்றைக்கும் சென்னையில் சுமார் 11 மணி 20 நிமிடம் வெளிச்சம் இருக்கும். லண்டனில் 8 மணி நேரம்கூடத் தேறாது. ஸ்டாக்ஹோமில் 6 மணி நேரம். யோசித்துப் பாருங்கள். வயலில் வேலை கிடையாது. மாட்டுக்குத் தீவனம் கிடையாது. அதனால் குளிர் இறுகுவதற்கு முன்னால் தேவைக்கு அதிகமான கால்நடைகளை வெட்டிவிடுவார்கள். ஆக, கையில் இறைச்சி இருக்கிறது. அறுவடையில் வந்த திராட்சையும் பார்லியும் புளித்து மதுவாகத் தயாராக இருக்கிறது. வேலையோ இல்லை. வெளியே இருட்டு. அடுத்த மூன்று மாசத்தை எல்லாரும் உயிரோடு தாண்டுவார்களா என்பது நிச்சயமில்லை.

இந்த நிலைமையில் ஒரு ஊர் என்ன செய்யும்? திருவிழா வைக்கும். வேறு என்ன?

ஆனால் வெறும் சாப்பாடும் குடியும் மட்டும் இல்லை. பழைய ரோமாபுரியில் டிசம்பர் 17 வந்துவிட்டால் சாட்டர்னேலியா. விதைப்புக்கு உரிய சாட்டர்ன் என்ற கடவுளுக்கான பண்டிகை. அந்த நாட்களில் அடிமைகளை உட்காரவைத்து எஜமானர்களே பரிமாறுவார்கள். மற்ற நாளில் தடை செய்யப்பட்ட சூதாட்டத்துக்கு அன்று அனுமதி. மெழுகுவத்தியும் மண்பொம்மையும் பரிசாகப் போகும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே. குத்துச்சண்டைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. வேலைக்காரர்களுக்கும் கடைப்பையன்களுக்கும் ஒரு பெட்டியில் காசு போட்டுக் கொடுக்கிற நாள்.

ரொம்ப தூரத்து சமாச்சாரம் மாதிரி இருக்கிறதா? நம்மூர் பொங்கல் இனாமை நினைத்துப் பாருங்கள். துணி வெளுக்கிறவர், தபால்காரர், குப்பை அள்ளுகிறவர் எல்லாரும் வந்து வாசலில் நிற்பார்கள். கிராமத்தில் பண்ணையாட்களுக்குப் புது வேட்டி, நெல். நமக்குக் குளிர்காலப் பஞ்சம் கிடையாது. சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வருகிற நேரம். காரணம் வேறு. ஆனால் பணம் போகிற திசை ஒன்றுதான். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். வருஷம் பூரா வாங்கிய வேலைக்கு வருஷக் கடைசியில் ஒரு சின்ன வரவு. நான் படித்தது பி.காம். என் கண்ணுக்கு இது சமூகத்தின் பேரேட்டில் ஒரு சரிக்கட்டல். அந்தப் பற்று எழுதப்படாவிட்டால் அடுத்த வருஷம் கணக்கு இடிக்கும். வயலில் ஆள் இறங்க மாட்டான்.

இப்போது அந்த எலுமிச்சம்பழத்தைப் பாருங்கள். அது எந்தத் திசையில் போகிறது?

கீழேயிருந்து மேலே.

இதற்கும் ஒரு ரோமானிய மூதாதை உண்டு. ஜனவரி 1 அன்று அங்கே ஸ்ட்ரேனா என்று ஒரு பரிசு கொடுப்பார்கள். முதலில் அது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட சின்னச் சின்னப் பொருள்தான். பிறகு அது பேரரசருக்குக் கொடுக்கிற காசாக வளர்ந்தது. அகஸ்டஸ் மானஸ்தர். வந்த காசில் தெய்வச் சிலைகள் வாங்கி நகரத்தின் பேட்டைகளில் வைத்தார். காலிகுலாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. புத்தாண்டுப் பரிசு ஏற்றுக்கொள்ளப்படும் என்று அறிவித்துவிட்டு, ஜனவரி 1 அன்று அரண்மனை வாசலில் தானே நின்று காசை வாங்கிக்கொண்டார். சுவிடோனியஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் இரண்டு பேரைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்கும் ஜனவரி 1 அன்று பிரபுக்கள் பரிசு கொடுத்தார்கள். யார், எந்த அந்தஸ்து, என்ன கொடுத்தார் என்று நீள நீளச் சுருளில் கணக்கு எழுதினார்கள். அரசியும் பதிலுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பாத்திரம் கொடுத்தார். எத்தனை அவுன்ஸ் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. வரவுக்கு ஏற்ற செலவு!

இதே எலிசபெத்துதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். என்றைக்கு? 1600ஆம் வருஷம், டிசம்பர் 31. இன்னொரு வேடிக்கை, அதற்கு மறுநாள் சட்டப்படி இங்கிலாந்தில் புது வருஷம் பிறக்கவில்லை. பரிசு கொடுப்பது ஜனவரி 1 என்றாலும் அரசாங்கக் கணக்கில் வருஷம் பிறப்பது மார்ச் 25. ஜனவரி 1க்கு மாறியது 1752ல். அந்த வருஷமே காலண்டரில் 11 நாளை வெட்டியதால் வரிக்கணக்கு முடிகிற தேதியும் தள்ளிப்போய், இன்றைக்கும் இங்கிலாந்தின் வருமான வரி வருஷம் ஏப்ரல் 6ல் தொடங்குகிறது. நமக்கு ஏப்ரல் 1. அது 1867ல் வந்த ஏற்பாடு.

அப்படியானால் ஜனவரி 1 என்ற தேதியை ஆதியில் யார் பிடித்துக்கொடுத்தது? சூரியனா, சாமியா? இரண்டும் இல்லை. ஸ்பெயினில் நடந்த ஒரு கலகம். ரோமாபுரியில் வருஷா வருஷம் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு கான்சல்கள் மார்ச் 15ல் பதவி ஏற்பது வழக்கம். கி.மு. 153ல் ஸ்பெயினில் சண்டை மூண்டது. தளபதியாகப் போக வேண்டிய கான்சல் மார்ச் வரை காத்திருக்க முடியாது. பதவியேற்பை ஜனவரி 1க்கு முன்னால் தள்ளினார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. ஆக, உலகமே கேக் வெட்டுகிற அந்த நாள் ஒரு அதிகாரி டியூட்டியில் சேர்ந்த தேதி!

அந்தத் தேதி கப்பலேறி இந்தியா வந்தபோது அதிகாரிக்கு உரிய நாளாகத்தான் வந்தது. புத்தாண்டு, கிறிஸ்துமஸ் நாட்களில் துரை பங்களாவுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போவது வழக்கமாயிற்று. பழம், பூ, இனிப்பு நிறைந்த தட்டு. வட இந்தியாவில் டாலி என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதை டாலி, டோலி என்று தங்கள் பாஷையில் சேர்த்துக்கொண்டார்கள். 1773ன் ஒழுங்குமுறைச் சட்டம் கம்பெனி அதிகாரிகள் பரிசு வாங்குவதைத் தடை செய்தது. கிளைவ் காலத்தில் அடித்த கொள்ளை அப்படி. ஆனால் பூவையும் பழத்தையும் யார் தடுப்பது? காலணா பெறாத எலுமிச்சம்பழம் லஞ்சமாகுமா? ஆகாது. அதனால்தான் அது அவ்வளவு சௌகரியம். பழத்துக்கு மதிப்பு இல்லை, குனிவுக்குத்தான் மதிப்பு. துரை பதிலுக்கு வெள்ளிப் பாத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தலையசைப்பு. கணக்கில் வரவு மட்டும், செலவு பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் வள்ளிமலை சுவாமிகள் வருகிறார்.

பூர்வாசிரமத்தில் அவர் பெயர் அர்த்தநாரி. பிறந்தது 1870. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தீராத வயிற்றுவலி வந்து, பழனிக்குப் போய், அங்கே திருப்புகழில் விழுந்தவர். அது விழக்கூடிய காலமும்கூட. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடியது ஏடுகளில் சிதறிக் கிடந்தது. மாவட்ட முன்சீபாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து அச்சில் கொண்டுவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கோர்ட் உத்தியோகஸ்தர் அச்சுப் போட்டார், சமையல்காரர் பாடிப் பரப்பினார். பெரிய வித்வத் சபைகள் எதுவும் இதில் சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ரமணரிடம் இருந்துவிட்டு, பிறகு வள்ளிமலையில் தங்கிவிட்டதால் இவர் வள்ளிமலை சுவாமிகள்.

திருப்புகழ் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது. ஜனவரி 1 வந்தால் உத்தியோகஸ்தர்கள் மாலையும் பழமுமாகத் துரை வீட்டு வாசலில் காத்து நிற்பதைப் பார்க்கிறார் சுவாமிகள். மனசு கேட்கவில்லை. 'துரைக்கெல்லாம் துரை ஒருத்தன் தணிகை மலையில் இருக்கானே, அவனை முதலில் போய்ப் பாருங்களேன்' என்கிறார். டிசம்பர் 31 ராத்திரி படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறுவது, புது வருஷம் பிறக்கும்போது முருகன் முன்னால் நிற்பது. 1917 கடைசியில் ஆரம்பித்தது என்று அவர்கள் கணக்கு. முதல் உலகப் போர் முடியாத நேரம்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது அவர் செய்தது அல்ல, செய்யாமல் விட்டது. 'இது அந்நியன் புத்தாண்டு, கொண்டாடாதே' என்று சொல்லவில்லை. சித்திரை ஒன்றாம் தேதிக்கு வா என்று கூப்பிடவில்லை. தேதியை அப்படியே வைத்துக்கொண்டார். வரிசையை வைத்துக்கொண்டார். மாலையை, பழத்தைக்கூட வைத்துக்கொண்டார். வரிசையின் மறுமுனையில் நிற்கிற ஆளை மட்டும் மாற்றினார். அகஸ்டஸ் செய்ததும் ஏறக்குறைய இதுதானே? காசு வந்து சேர்ந்த இடத்தை அவர் தெய்வத்தின் பக்கம் திருப்பிவிட்டார். இங்கே அதைக் கொடுக்கிறவனே திருப்பினான். அதுதான் வித்தியாசம்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. குமாஸ்தாவுக்கு லீவு வேண்டாமா? வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸுக்குக் கச்சேரியையும் கோர்ட்டையும் மூடினால்தான் இவனுக்கு ஓய்வு. காங்கிரஸின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28ல் ஏன் கூடியது? பின்னாலும் எத்தனையோ மாநாடுகள் டிசம்பர் கடைசியில் ஏன்? வக்கீல்களுக்கு அப்போதுதான் விடுமுறை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றைக்கு மார்கழி சீசன், மார்கழி சீசன் என்று உருகுகிறோமே, அதன் அடியில் இருப்பது பாதி மார்கழி, பாதி கிறிஸ்துமஸ் லீவு. திருத்தணிக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் வந்துவிட்டது. சாயங்காலம் சென்னையில் ஏறினால் ராத்திரி மலையடிவாரம். துரை கொடுத்த லீவு, துரை போட்ட ரயில். போனது மட்டும் துரையிடம் இல்லை.

ஒரு படிக்கட்டு இன்னும் ஞாபகம் வருகிறது. பீக்கிங்கில் சொர்க்கக் கோயில் வளாகத்தில், 1530ல் கட்டிய ஒரு வட்ட மேடை இருக்கிறது. மூன்று அடுக்கு, வெள்ளைச் சலவைக்கல். குளிர்காலத்தின் அந்த மிகச் சின்னப் பகல் நாளன்று, விடியும் முன்னால் சீனச் சக்கரவர்த்தி அதில் ஏறுவார். ஊரே யார் முன்னால் மண்டியிடுகிறதோ அவர் அன்று வானத்தின் முன்னால் மண்டியிடுவார். 1912ல் மன்னராட்சி போய்விட்டது. ஆனால் ஜனாதிபதி யுவான் ஷிகாய் 1914 டிசம்பரில் அதே மேடையில் ஏறி அதே பூஜையைச் செய்தார். சக்கரவர்த்தி ஆகும் ஆசை அவருக்கு! அடுத்த வருஷம் தன்னைச் சக்கரவர்த்தி என்று அறிவித்தும் பார்த்தார், நிலைக்கவில்லை. நடுக்குளிரில் யார் யார் முன்னால் குனிவது என்பது சும்மா சடங்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வள்ளிமலை சுவாமிகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் அதை ஆள்வதற்குப் பயன்படுத்தப் பார்த்தார். இன்னொருவர் ஆளப்படுகிறவர்களின் முதுகை ஒரு ராத்திரியாவது நிமிர்த்தப் பார்த்தார்.

நாம் இன்றைக்குச் சண்டை போடுவதெல்லாம் தேதிக்குத்தான். 2008ல் தை 1தான் தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011ல் அந்தச் சட்டம் ரத்தாகி மறுபடி சித்திரைக்கே திரும்பினோம். சூரியனைக் கேட்டால் அது இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாது. உத்தராயணம் பிறக்கிறது என்று நாம் தை 1ஐக் கொண்டாடுகிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22லேயே முடிந்துவிடுகிறது, அதாவது மார்கழி முதல் வாரத்தில். பூமியின் அச்சு பம்பரம் மாதிரித் தள்ளாடுகிறது. நட்சத்திரங்களை வைத்துப் போட்ட நம் கணக்கு சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பருவங்களிலிருந்து நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்திருக்கும். பொங்கல் பானைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அறுவடை நெல் வந்தால் அது பொங்கிவிடும்.

2017 டிசம்பரில் ஆந்திர அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் தர்ம பரிரட்சண அறக்கட்டளை ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜனவரி 1க்குக் கோயில்களில் விசேஷ அலங்காரம், கொண்டாட்டம் வேண்டாம், நமக்கு உகாதிதான் புத்தாண்டு என்று. திருத்தணி ஆந்திராவில் இருந்திருந்தால் அந்தச் சுற்றறிக்கை இந்த மலைக்கும் வந்திருக்கும். வந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. 1911ல் சித்தூர் ஜில்லாவை உருவாக்கியபோது வட ஆற்காட்டிலிருந்து திருத்தணியைப் பிரித்து அதில் சேர்த்தார்கள். 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஏப்ரல் 1! கணக்கு வருஷத்தின் முதல் நாள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

இவ்வளவு இழுபறி நடந்த எல்லையூரில் படித் திருவிழா மட்டும் யாருடைய திருவிழா என்ற சண்டை இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. உகாதி என்றால் தெலுங்குக்காரர்களுடையது. சித்திரை என்றால் நம்முடையது. ஜனவரி 1 இரண்டு பேருடையதும் இல்லை. அதனால் இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அருணகிரியின் சந்தத்தைத் தெலுங்கு நாக்கு உருட்டுவதைக் கேட்க வேண்டும் நீங்கள். வல்லினம் இன்னும் கொஞ்சம் வல்லினமாக இருக்கும்.

என் அப்பா கதைக்கு வருகிறேன். அவரும் திருத்தணிக்குப் போகிறவர்தான். டிசம்பர் 31 சாயங்காலம் பெரம்பூரில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, மலையேறிவிட்டு, விடியற்காலை வண்டியில் திரும்பிவிடுவார். குளித்து, சட்டை மாற்றி, ஏழரை மணிக்கெல்லாம் அதிகாரி வீட்டு வரிசையில் நிற்பார். துரைக்கெல்லாம் துரையைப் பார்த்துவிட்டு வந்த கையோடு துரை! சுவாமிகள் சொன்னதில் பாதியை மட்டும் கடைப்பிடித்தவர். வளர்ந்த பிறகு ஒருநாள் இதைக் குத்திக்காட்டினேன்.

"மலைக்குப் போய்ட்டு வந்தப்புறமும் அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணுமாப்பா?"

கோபப்படவில்லை. "இன்க்ரிமென்ட்டை முருகன் சாங்ஷன் பண்றதில்லடா" என்றார். கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார். பிறகு அவராகவே சொன்னார்.

"பழம் ரெண்டு வாங்குவேன் தெரியுமா? பெரிசு மலைக்கு."